உப்பு ஈன்ற இரட்டையர்

திருச்செந்தூரிலிருந்து கடலை இடப்புறம் வைத்துத் தெற்கே சென்றால் நான்கைந்து கிலோமீட்டரில் ஆலந்தலை வந்துவிடும். கத்தோலிக்கப் பரதவர் ஊர். முத்துக்குளித்துறையின் ஏழு கடற்றுறைகளை எண்ணுவோர் வேம்பாற்றில் தொடங்கி மணப்பாட்டில் முடிக்கும் வரிசையில் இவ்வூருக்கும் இடம் உண்டு. சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் அங்கே நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தபோது தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. முதற்குடம் பிடித்த மூதாட்டி, "இன்னைக்கு மருந்து வாடை தூக்கலா இருக்கு" என்று முகம் சுளித்தார். அவருக்குப் பின்னால் நின்ற இளம்பெண், "வாடை இல்லாத அன்னைக்குத்தான் பயப்படணும் பெரியம்மா" என்றாள். நீர் வழங்கல் பொறியியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அவள் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

தமிழில் 'ஆலம்' என்ற சொல் ஒன்று உண்டு. மரத்தைக் குறிப்பது இருக்கட்டும். அதே சொல்லுக்கு நீர் என்றும் பொருள், நஞ்சு என்றும் பொருள். ஊர்ப்பெயருக்குப் புதிய வேர் கண்டுபிடிக்கும் முயற்சியன்று இது (அந்த வியாதி நமக்கும் ஒருகாலத்தில் இருந்தது, இப்போது குணமாகிவிட்டது). நீரும் நஞ்சும் ஒரு சொல்லுக்குள் குடியிருப்பதுபோல், அந்தக் குடத்துத் தண்ணீரிலும் இரண்டும் சேர்ந்தே இருந்தன என்பதைச் சொல்லவே இதைக் குறிப்பிட்டோம். அந்த வாடை எங்கிருந்து வந்தது, அதை அளவோடு நிறுத்தி வைப்பவர் யார், அவருக்கு என்ன காவல் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இக்கரையின் வரலாற்றை முத்தை வைத்தே எழுதிப் பழகிவிட்டோம். தாகத்தை வைத்தும் எழுதலாம். 1542 முதல் இங்கே நடந்து திரிந்த பிரான்சிஸ் சவேரியார் 1544-ஆம் ஆண்டில் தம் உதவியாளர் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதங்கள் பல நமக்குக் கிடைத்துள்ளன. அவ்வாண்டு ஜூனில் மணப்பாட்டிலிருந்து எழுதியதில், வடுகர் படைக்கு அஞ்சிக் கடற்பாறைகளில் ஏறி ஒளிந்த குமரிமுனை மக்கள் பசியாலும் தாகத்தாலும் மடிவதைக் கூறுகிறார். தோணிகளில் உணவேற்றிக் கொண்டு புறப்படுகிறார், காற்று எதிர்க்கிறது, சென்று சேர முடியவில்லை. செப்டம்பர்க் கடிதம் ஒன்று ஆலந்தலையிலிருந்தே எழுதப்பட்டது. அதில் தூத்துக்குடி மக்கள் தீவுகளுக்கு ஓடிய செய்தி வருகிறது. சுற்றிலும் நீர் இருந்தும் குடிக்க ஒரு சொட்டு இல்லாத இடம், மன்னார் வளைகுடாவின் தீவுகள்.

கரையிலும் நிலைமை பெரிதும் மேலில்லை. தேரிக்காட்டுச் செம்மணல் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஆங்காங்கே இன்னீர் ஊற்றுகளைத் தரும். திருச்செந்தூரின் நாழிக்கிணறு கடலுக்கு மிக அருகிலேயே நன்னீர் தருவது. அதைத் தெய்வச் செயலென்று மக்கள் போற்றியதன் பின்னால், பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உவர்த்துக் கிடந்த அனுபவம் இருக்கிறது. முத்துக்குளிப்புப் பருவத்தில் இந்த வறண்ட கரையில் ஆயிரக்கணக்கானோர் கூடாரமடித்துத் தங்கினார்கள். சிப்பிகள் குவியல் குவியலாக அழுகும், ஈக்கள் மொய்க்கும், இருக்கும் ஒன்றிரண்டு ஊற்றுகளை அத்தனை பேரும் கலக்குவார்கள். வாந்திபேதி வந்தால் குளிப்பே நின்றுபோகும். கடலடியில் சுறாவுக்குத் தப்பியவன் கரையில் ஒரு குவளைத் தண்ணீருக்குத் தப்பவில்லை.

சுறாவுக்கு ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கடல்கட்டி என்பவர் மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவார். அவர் கரையில் இல்லாவிட்டால் குளியாளிகள் கடலில் இறங்கமாட்டார்கள். ஆகவே கிறித்தவ ஆங்கில அரசாங்கமும் முணுமுணுத்துக்கொண்டே அவருக்குக் கூலி கொடுத்து வந்தது. எட்கர் தர்ஸ்டன் இதைப் பற்றிச் சுவைபட எழுதியிருக்கிறார். நமக்கு இதைவிட முக்கியமாகப் படுவது கயிறு பிடிப்பவன். மேலே தோணியில் நின்று குளியாளியின் கயிற்றைப் பிடித்திருப்பவன் மைத்துனனாக இருக்க வேண்டும் என்பது இக்கரையில் வழங்கும் பேச்சு. தன் உடன்பிறந்தவள் தாலியறுக்க அவன் விடமாட்டான் அல்லவா? மூச்சடக்கி ஆபத்தான இடத்தில் இறங்குபவன் தனியாக இறங்கக்கூடாது. வெளியே ஒருவன், அவன் உயிரில் அக்கறையுள்ளவனாக, விழித்திருக்க வேண்டும். இந்த விதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் வேறோர் இடத்தில் இதைச் சந்திக்கப் போகிறோம்.

தூத்துக்குடி நகரின் தாகம் தீர்ந்தது 1927-இல். நகராட்சித் தலைவராக விளங்கிய ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் குழாய்வழியே நகருக்குக் கொண்டுவந்தார். அவர் சிலை நகரில் நிற்கிறது. மக்கள் இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். ஆனால் குழாய் என்பது இருமுனைக் கத்தி. கிணறு கெட்டால் ஒரு தெரு கெடும். குழாய்நீர் கெட்டால் ஊரே கெடும். எங்கெங்கே குழாய்நீர் வந்ததோ அங்கெல்லாம் அதைத் தூய்மைப்படுத்தும் கேள்வியும் பின்னாலேயே வந்தது.

அதற்கான விடைகளில் ஒன்று இந்தியாவில் பணியாற்றிய ஒரு மருத்துவரின் மூளையில் உதித்தது என்பது பலரும் அறியாத செய்தி. இந்திய மருத்துவப் பணியில் இருந்த வின்சென்ட் நெஸ்பீல்டு என்ற ஆங்கிலேய அதிகாரி, படைவீரர்களின் குடிநீருக்காகக் குளோரின் வாயுவை அழுத்தித் திரவமாக்கி உருளையில் அடைத்துப் பயன்படுத்தலாம் என்று 1903-இல் எழுதினார். 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் தன் நீர் முழுவதையும் குளோரின் சேர்மத்தால் தொடர்ந்து தூய்மைப்படுத்தத் தொடங்கியது. அடுத்து வந்தது 1915 ஏப்ரல் 22. பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மானியர் 5,700-க்கு மேற்பட்ட உருளைகளின் வாயைத் திறந்துவிட்டார்கள். மஞ்சள் கலந்த பச்சைநிறப் புகை காற்றோடு தவழ்ந்து பதுங்குகுழிகளில் இறங்கியது. காற்றைவிட இரண்டரை மடங்கு கனமான வாயு அது. பள்ளத்தைத் தேடிச் செல்லும் குணம் தண்ணீருக்கு மட்டும் உரியதன்று. உயிர் காக்கக் கருதப்பட்ட அதே உருளை, அதே அழுத்தம், அதே வால்வு. போருக்குப் பின் உலகெங்கும் நகராட்சிகளின் நீரேற்று நிலையங்களில் வந்து அமர்ந்ததும் அவ்வகை உருளைதான்.

இனி நம் கரைக்குத் திரும்புவோம். ஆலந்தலைக்கு வடக்கே, காயல்பட்டினத்துக்கும் ஆறுமுகநேரிக்கும் பக்கத்தில் சாகுபுரம் இருக்கிறது. சௌராஷ்டிரத்தின் திராங்கத்ரா சமஸ்தானத்தில் தோன்றிய ஒரு ரசாயன நிறுவனம் 1950-களின் இறுதியில் இங்கே வந்து எரிசோடா ஆலையை நிறுவியது. வந்ததற்குக் காரணம் உப்பு. குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்நாட்டில் மிகுதியாக உப்பு விளையும் கரை இது. அந்த ஆலையின் கழிவுகளை எதிர்த்துக் காயல்பட்டினத்தார் நடத்திய நெடும்போராட்டம் தனிக்கட்டுரைக்கு உரியது. அதை இங்கே தொட்டுச் செல்ல மட்டுமே இயலும்.

உப்புக்கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் உப்பு இரண்டாகப் பிளக்கிறது. ஒரு முனையில் குளோரின். மறுமுனையில் எரிசோடா, கூடவே ஹைட்ரஜன். ஒன்றைப் பெறாமல் மற்றொன்றைப் பெற முடியாது. பள்ளிக்கூடத்து வேதியியலில் நாமும் இதைப் படித்தோம், தேர்வெழுதினோம், மறந்தோம். ஆனால் அதன் கணக்கை அண்மையில் மீண்டும் போட்டுப் பார்த்தபோது வியப்பு மேலிட்டது. ஒரு டன் குளோரின் பிறக்கும்போது ஏறத்தாழ 1.13 டன் எரிசோடா பிறக்கிறது. அந்த ஒரு டன் குளோரின் கசிந்துவிட்டால் அதைச் செயலறச் செய்ய எவ்வளவு எரிசோடா வேண்டும்? அதே 1.13 டன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நஞ்சு பிறக்கும்போதே அதன் மாற்றும் சரியான அளவில் இரட்டைப் பிள்ளையாகப் பிறக்கிறது. இரண்டையும் மீண்டும் சேர்த்தால் உப்பும், துணி வெளுக்கும் ஹைப்போகுளோரைட்டும், தண்ணீரும் ஆகி அடங்கிவிடும். பாற்கடல் கடைந்தவர்களுக்கு ஆலகாலத்தை விழுங்க ஒரு கடவுள் தேவைப்பட்டார். உப்பளத்துக்காரர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை.

சிக்கல் என்னவென்றால் பிறந்ததுமே இரட்டையர் பிரிக்கப்பட்டுவிடுகிறார்கள். எரிசோடா சோப்புக்கும் காகிதத்துக்கும் அலுமினியத்துக்கும் போகிறது. குளோரின் 100 கிலோ சிலிண்டர்களிலும், 'டன்னர்' என்று தொழிலாளர் அழைக்கும் 900 கிலோ உருளைகளிலும் ஏறி எங்கெங்கோ போகிறது. அதில் ஒரு பங்கு ஆற்றங்கரைகளின் நீர்ச்சுத்திகரிப்பு நிலையங்களுக்கு. ஒரு டன்னரை நிரப்ப ஏறத்தாழ ஒன்றரை டன் உப்பு செலவாகியிருக்கும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் கலந்தால் ஒரு டன்னர் 45 கோடி லிட்டர் நீருக்குப் போதும். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வைத்தால், ஒரு லட்சம் மக்களுக்கு 80 நாள் தண்ணீர். குழாயின் கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆலந்தலைப் பெண் சொன்ன 'வாடை' அதுதான். அதே டன்னர் உடைந்தால், உள்ளிருக்கும் திரவம் 460 மடங்கு விரிந்து சுமார் 300 கனமீட்டர் வாயுவாகும். காற்றில் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு கலந்தாலே உயிருக்கு ஆபத்தான நிலை என்று நச்சியலாளர் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்த இக்கட்டு நாட்டின் உச்ச நீதிமன்றத்தின் முன்னால் ஒருமுறை நின்றது. 1984 டிசம்பரில் போபால் நடந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 1985 டிசம்பர் 4 அன்று டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் கசிந்தது. தீஸ் ஹசாரி நீதிமன்றத்தில் தொழில் செய்துவந்த வழக்கறிஞர் ஒருவர் இறந்தார். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் அவ்வாலையின் எரிசோடா-குளோரின் பிரிவைத் திறக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. மூடியே வைத்தால் ஆயிரக்கணக்கான தொழிலாளருக்கு வேலை போகும் என்பது ஒரு வாதம். இன்னொன்றும் இருந்தது: டெல்லியின் குடிநீர் வாரியம் தனக்கு வேண்டிய குளோரினை அந்த ஆலையிலிருந்தே வாங்கிக்கொண்டிருந்தது, வேறிடம் தேடினால் வெகுதொலைவு போக வேண்டும். நகரத்தை அச்சுறுத்திய வாயுவும் நகரம் குடிக்கும் நீரைக் காத்த வாயுவும் ஒரே கதவுக்குப் பின்னால் இருந்தன. தலைமை நீதிபதி பகவதியின் அமர்வு 1986 பிப்ரவரியில் நிபந்தனைகளோடு திறக்க அனுமதித்தது. அந்த நிபந்தனைகளைப் படிப்பது நல்ல இலக்கியத்தைப் படிப்பதற்குக் குறைந்ததன்று என்று துணிந்து சொல்வோம். ஒவ்வொரு பாதுகாப்புக் கருவிக்கும் இன்னார் பொறுப்பு என்று ஒருவரைக் குறிக்க வேண்டும். நிர்வாகத்தின் தலைமையில் இருப்பவர் நட்ட ஈட்டுக்குத் தாமே பொறுப்பேற்று எழுதித்தர வேண்டும். குளோரின் உடலை என்ன செய்யும், பட்டால் உடனே என்ன செய்ய வேண்டும் என்பதை ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதி ஒவ்வொரு பிரிவிலும் மாட்ட வேண்டும். இந்தப் பலகையையும் வாசகர்கள் நினைவில் கொள்க.

பிறகு சட்டங்கள் வரிசையாக வந்தன. 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1987-இல் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம். 1989-இல் அபாயகரமான ரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகள். 1991-இல் பொதுப் பொறுப்புக் காப்பீடு. 1996-இல் ரசாயன விபத்து அவசரகால விதிகள். உருளைகளுக்கு வெடிபொருள் சட்டத்தின்கீழ் வாயு உருளை விதிகள் தனியே உண்டு. 1981, 2004, 2016 என மும்முறை புதுப்பிக்கப்பட்டவை. காகிதத்தில் குறையொன்றும் இல்லை.

ஆனால் இவை யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டன? போபாலை, பெரிய ஆலையை, வேலிக்குப் பின்னால் நின்ற முதலாளியை. 1989 விதிகள் குளோரினுக்கு 10 டன் என்று ஒரு வரம்பு வைத்தன. அதைத் தொட்டால் நிலையத்துக்குள் அவசரகாலத் திட்டம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை, சுற்றுவட்டார மக்களுக்கு அறிவிப்பு எல்லாம் கட்டாயம். 25 டன் என்றால் விரிவான பாதுகாப்பு அறிக்கையும் வேண்டும். இப்போது எண்ணிப் பாருங்கள். 900 கிலோ டன்னர் பதினொன்று சேர்ந்தாலும் 9.9 டன்தான். பன்னிரண்டாவது உருளை வாசலில் இறங்கும்வரை அவ்விடம் சட்டத்தின் கண்ணில் பெரும் அபாயம் உள்ள இடமன்று. நான்கைந்து டன்னர்களோடு ஓடும் சிறுநகரத்து நீர்நிலையங்கள் எந்நாளும் அந்தக் கோட்டுக்குக் கீழேயே இருக்கும். பொதுவான கவனக் கடமை அவற்றுக்கும் உண்டு என்பது உண்மையே. ஆனால் திட்டம் எங்கே, ஒத்திகை எங்கே என்று வந்து கேட்பவர் இல்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் தண்ணீர் இறைப்பதையும் ஓர் உற்பத்தித் தொழிலாகவே கணக்கிட்டது. ஆகவே நீரேற்று நிலையம் ஒரு தொழிற்சாலை. ஆனால் மின்விசையோடு பத்துப் பேராவது வேலை செய்தால்தான். ஒரு முறைக்கு இருவர் மூவர் என்று ஓடும் நிலையத்தில் பத்துக்கு எங்கே போவது? 2020-இல் இயற்றப்பட்ட புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்தப் பத்தையும் இருபதாக்கிவிட்டது. ஆள் குறையக் குறைய ஆபத்து கூடுகிறது என்று கயிறு பிடித்த மைத்துனனுக்குத் தெரிந்திருந்தது. சட்டமோ ஆள் குறைந்தால் தானும் விலகிக்கொள்கிறது.

விபத்துகள் வரம்பைப் பார்த்து நடப்பதில்லை. 2008 மே மாதம் ஜாம்ஷெட்பூரில் வாகனத் தொழிற்சாலை ஒன்றின் நீர்ச்சுத்திகரிப்பு நிலையத்தில் கிடந்த பழைய குளோரின் உருளை கசிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தார்கள். 2010 ஜூலை 14 அன்று மும்பைத் துறைமுகத்தின் சேவ்ரி பகுதியில், பல்லாண்டுகளாகக் கேட்பாரற்றுக் கிடந்த உருளைகளில் ஒன்று கசிந்து அதேபோல் நூற்றுக்கு மேற்பட்டோர் மூச்சுத் திணறினார்கள். இரண்டிலும் கவனிக்க வேண்டியது, அவை 'பழையவை' என்று ஒதுக்கப்பட்டவை. காலி உருளை முழுக்கக் காலியாவதில்லை. 2022 ஜூன் மாதம் ஜோர்டானின் அக்கபா துறைமுகத்தில் பாரந்தூக்கியின் வடம் அறுந்து குளோரின் கலம் ஒன்று கப்பல் தளத்தில் விழுந்து 13 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஒரு நகராட்சி நீர்ச்சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் கசிந்து அக்கம்பக்கத்துக் குடியிருப்பினர் கண்ணெரிந்து ஓடினார்கள். சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். எந்த நகரம் என்று சொல்லவே கை தயங்குகிறது. போபால்.

தாமிரபரணிக் கரையில் ஒரு நீர்நிலையத்தை நாம் சென்று பார்த்தோம். பெயர் வேண்டாம். அங்கே பணியில் இருந்தவர் ஐம்பது வயதைத் தாண்டியவர்; தகப்பனார் கட்டுமரத்தில் போனவர்; தாம் கரையேறி, ஒப்பந்தக்காரரின் ஆளாக இருபதாண்டுகளாகக் குளோரின் அறையைப் பார்த்து வருபவர். அறையைத் திறக்குமுன் வெளியே நின்று சிறிதுநேரம் கன்னத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். என்னவென்று கேட்டோம். "காத்து பாக்கேன் சார். கச்சான் அடிச்சா இந்தக் கதவு, கொண்டல்னா அந்தக் கதவு" என்றார். கூரைமேல் காற்றுத்திசை காட்டும் துணிக்குழாய் ஒன்று இருக்க வேண்டும் என்பது விதி. கம்பி இருந்தது, துணி எப்போதோ கிழிந்து போய்விட்டது.

உள்ளே மூன்று டன்னர்கள் படுத்திருந்தன. அவற்றின் இரண்டு வால்வுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் நிற்கும்படி உருட்டி வைக்க வேண்டும். மேல் வால்வில் வாயு வரும், கீழ் வால்வில் திரவம் வரும். கசிவு கண்டால் ஓட்டை மேற்புறம் வரும்படி உருளையைத் திருப்ப வேண்டும். திரவமாக வெளியேறுவதைவிட வாயுவாக வெளியேறினால் அளவு பலமடங்கு குறையும். இதையெல்லாம் அவர் பாடப்புத்தகம் போல் சொன்னார். ஒரு பஞ்சில் அம்மோனியா நனைத்து இணைப்புகளின் அருகே காட்டினார்; கசிவிருந்தால் வெண்புகை எழும். எழவில்லை. சுவாசக் கருவி எங்கே என்றோம். அலுவலக அறையில், கண்ணாடிக் கதவுள்ள அலமாரியில், பூட்டப்பட்டு, மாலை போட்டதுபோல் பட்டையோடு தொங்கியது. சாவி அதிகாரியிடம். அதிகாரி இன்னொரு நிலையத்தையும் சேர்த்துப் பார்ப்பவர். வாரத்தில் மூன்று நாள் வருவார். "அவசரம்னா?" என்று கேட்டோம். தோளில் கிடந்த துண்டைத் தொட்டுக் காட்டினார். "நனைச்சுக் கட்டிக்கிடுவேன்."

இரவில் உடன் யார் இருப்பார் என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். குளோரின் அறைக்குள் ஒருவர் தனியே செல்லக்கூடாது. வெளியே ஒருவர் கருவியோடு நிற்க வேண்டும் என்பது உலகெங்கும் எழுதப்பட்ட விதி. முத்துக்குளிக்கும் தோணியில் அது எழுதப்படாத விதி. இங்கே மைத்துனன் இல்லை.

அறைக்கு வெளியே ஒரு தொட்டி இருந்தது. கசியும் உருளையை உருட்டித் தள்ளுவதற்கான குழி. அதில் சுண்ணாம்போ எரிசோடாவோ கரைத்து வைத்திருக்க வேண்டும். சாகுபுரத்தில் பிரிந்த இரட்டையர் கூட வேண்டிய இடம் இதுவே. ஒரு டன்னருக்கு ஒரு டன்னுக்கு மேல் எரிசோடா என்பது மேலே போட்ட கணக்கு. குழியில் மழைநீர் தேங்கித் தவளை கத்தியது. வெறுந் தண்ணீரில் உருளையைத் தள்ளுவது தள்ளாமல் இருப்பதைவிடக் கேடு: குளோரின் நீரோடு சேர்ந்து அமிலமாகி ஓட்டையை அரித்துப் பெரிதாக்கும். அவருக்கும் இது தெரியும். மூலையில் இரண்டு மூட்டைச் சுண்ணாம்பு கல்லாக இறுகிக் கிடந்தது. "2023 வெள்ளத்துல நனைஞ்சது" என்றார்.

அந்த வெள்ளத்தை இக்கரையில் யாரும் மறக்கமாட்டார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைகளை விழுங்கியது. ஆற்றங்கரைக் குடிநீர்த் திட்டங்கள் பல முடங்கின. எங்கும் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை என்ற நிலை மீண்டும் வந்தது. சவேரியார் கண்டதற்கு 479 ஆண்டுகளுக்குப் பின். அன்றிரவு தாம் செய்ததை அவர் சாதாரணமாகச் சொன்னார். வெள்ளம் அறைக்குள் ஏறும்போது நிறைந்த டன்னர் மூழ்கும். காலி டன்னர் மிதக்கும். மிதந்து சுவரில் மோதினால் வால்வு உடையும். ஆகவே வலையிழுக்கும் கயிற்றால் இரண்டு காலி டன்னர்களைத் தூணோடு கட்டினாராம். "தோணி கட்டுற முடிச்சுதான் சார்." அந்த முடிச்சு எந்த அவசரகாலத் திட்டத்திலும் இல்லை, அவருடைய நிலையத்துக்கு அப்படியொரு திட்டமே எழுதப்பட்டிருக்கவில்லை.

குளோரின் உருளையே வேண்டாம் என்ற பேச்சும் இருக்கிறது. சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தைப் பயன்படுத்தலாம். அல்லது நிலையத்திலேயே உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சி வேண்டிய அளவு உண்டாக்கிக்கொள்ளலாம். உலகின் பல நகரங்கள் அவ்வழி சென்றுவிட்டன. ஊராட்சிகளின் மேல்நிலைத் தொட்டிகளில் பிளீச்சிங் பவுடர் கரைப்பதும் அந்த இனமே. செலவு கூடும், ஹைப்போகுளோரைட் நம் வெயிலில் விரைவில் வீரியம் இழக்கும், மின்சாரம் தடைப்பட்டால் எல்லாம் தடைப்படும். ஆயினும் உப்பளத்தின் அருகிலேயே, இரட்டையரைப் பிரிக்காமல், வேண்டும்போது வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும் வழி இது என்பதால் நம் சாய்வு அதன் பக்கமே. அது வரும்வரை டன்னர்கள் இருக்கும். துண்டோடு ஒருவரும் இருப்பார்.

புறப்படும் வேளையில் அவர் எம்மைச் சுவரருகே அழைத்துச் சென்றார். அங்கே ஒரு பலகை. குளோரின் பட்டால் செய்ய வேண்டியவை, ஆங்கிலத்தில், பதினாறு வரிகள். எழுத்து கூட்டி வாசிப்பாராம்; பொருள் தெரியாது. "காலேஜ்ல தமிழ்ப் பாடம் எடுக்கிறீகளே, இதத் தமிழ்ல எழுதித் தாங்களேன்" என்றார். இருபதாண்டுகளாக இலக்கணமும் இலக்கியமும் நடத்தும் எமக்கு அதைவிடப் பொருத்தமான பணியை யாரும் தந்ததில்லை. அங்கேயே அமர்ந்து எழுதினோம். "கசிவு நேரின் காற்றின் எதிர்த்திசையில் விரைந்து வெளியேறுக" என்பது முதல் வரி. அவர் உரக்கப் படித்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"எதிர்த்திசைன்னா எங்கிட்டு அண்ணே? காத்துக்கு மூஞ்சியக் காட்டிட்டு ஓடணுமா, முதுகக் காட்டிட்டு ஓடணுமா?"

சார் எப்போது அண்ணன் ஆனது என்று நாம் கவனிக்கவில்லை. தாளை வாங்கி அடித்துவிட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். காற்று வருகிற பக்கம் பார்த்து ஓடு. மேட்டில் ஏறு. பள்ளத்தில் இறங்காதே. தனியாக உள்ளே போகாதே.